போனைக் காதில் வைக்க முடியாத வருஷம்

காளிகாட், கல்கத்தா
5 மார்ச் 2023

விச்சுக்குட்டி,

நான் இருக்கிறேன். நீயும் ரங்கநாதனும் குழந்தை அக்‌ஷயாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? தென்காசியில் வெயில் ஆரம்பித்தாச்சா?

அக்கா எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று பயந்துவிடாதே. எனக்கு வலது காது வலி. அவர் போன மறுவாரமே ஆரம்பித்தது, விடவே இல்லை. காதுக்குள் யாரோ விரலை விட்டு அழுத்துகிற மாதிரி இருக்கிறது. அங்கிருந்து கழுத்தில் இறங்கி, தோள்பட்டை வரைக்கும் கயிறு கட்டி இழுக்கிறது. போனை அந்தக் காதில் வைக்க முடியவில்லை. இடது காதுதான் உனக்குத் தெரியுமே, டைபாய்டு வந்ததிலிருந்து பாதிதான் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டால் கீழ் வீட்டு மிட்டு பௌதிக்கு ஜன்னல் வழியாகப் பேச்செல்லாம் போய்விடுகிறது. போன வாரம் உன்னோடு பேசிவிட்டு வைத்தேன், உடனே மாடி ஏறி வந்து, "தீதி, ஏன் அழுதீங்க?" என்கிறாள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, அது மட்டும் புரிந்திருக்கிறது.

அதனால் கொஞ்ச நாள் எழுதிக்கொள்ளலாம். அஞ்சாம் கிளாசோடு நின்றவள் எழுதுகிறது, பொறுத்துக்கொண்டு படி. இதுவரைக்கும் உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதியது.

பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சின எண்ணெய் விட்டுப் பார்த்தேன். காது எரிந்ததுதான் மிச்சம். பௌதி குளிர் பட்டுவிட்டது என்கிறாள். இந்த ஊரில் எந்த வியாதி வந்தாலும் குளிர் பட்டதுதான். மார்ச் மாதத்தில் என் தலையில் கம்பளிக் குல்லாயை மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

இன்றோடு ஐம்பத்தைந்து நாள். ராம்கியும் மாட்டுப்பெண் ரோஹிணியும் ஞாயிற்றுக்கிழமை நியூ டவுனிலிருந்து வந்துவிட்டுப் போகிறார்கள். அங்கே வந்துவிடு என்கிறார்கள். வருஷம் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு உன் குரல் கரகரவென்று இருந்ததே. மிளகு ரசம் வைத்துச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா
ஜகது


தென்காசி
17 மார்ச் 2023

அன்புள்ள அக்காவுக்கு விசாலம் எழுதிக்கொண்டது.

இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் கையெழுத்தை முதல் தடவையாக இரண்டு பக்கத்துக்குப் பார்க்கிறேன். உன் ழகரமெல்லாம் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறது. பரவாயில்லை, எனக்குப் புரிகிறது.

எண்ணெய் விடாதே. காதில் ஓட்டை இருந்தால் ஆபத்து. ரோஹிணியைக் கூட்டிக்கொண்டு காது டாக்டரிடம் போ. நீ பெங்காலியில் சொல்லத் தெரியாமல் எதையாவது விட்டுவிடுவாய், அதனால் என்ன வலி, எப்போது வலி என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ.

போன் வேண்டாம் என்று நீயாகச் சொன்னது எனக்கும் சௌகரியம். பொங்கலுக்குக் கட்டிக்கொண்ட தொண்டை இன்னும் விடவில்லை. நான் வாயைத் திறந்தால், வீட்டில் இன்னொரு அப்பா இருக்கிற மாதிரி இருக்கிறது என்று அக்‌ஷயா கேலி பண்ணுகிறாள். நீ சிரிக்கக் கூடாது, எனக்கும் வலது காதுதான் குத்துகிறது. எச்சில் விழுங்கும்போது அதிகமாக இருக்கிறது. கழுத்தும் அந்தப் பக்கம் கனக்கிறது.

அத்திம்பேர் பெயருக்கு இங்கே மாதா மாதம் ஒரு ஏழைக்குச் சாப்பாடு போடுகிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஒருத்திக்கு எதற்குச் சமையல் என்று இருந்துவிடாதே.

விசாலம்


காளிகாட்
26 மார்ச் 2023

விச்சு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் சௌக்கியம் என்று படித்ததும் வயிறு நிறைந்தது.

உனக்கும் வலது காதா? நினைத்தேன். எனக்கு அம்மை போட்டிருந்தபோது குங்குமத்தால் உடம்பெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்தவள்தானே நீ. எனக்குக் கண்ணாடி போட்டதும் உனக்குப் போர்டு தெரியாமல் போயிற்று. அப்பா பஸ் பிடித்து உன்னைத் திருநெல்வேலி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் அசடு வழிந்து வந்தார். எனக்கு ராம்கி பிறந்தபோது உனக்கும் இடுப்பு வலி வந்தது, அப்போது உனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஐம்பத்திரண்டு வயசாச்சு விச்சு. இந்தக் காது வலியையாவது எனக்கே எனக்கென்று விட்டுவை.

டாக்டரிடம் போனேன். லைட் வைத்துப் பார்த்தார். குறும்பி இல்லை, சீழ் இல்லை, ஜவ்வும் நன்றாக இருக்கிறதாம். "பரிஷ்கார்" என்றார். சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஏன் வலிக்கிறது என்று ரோஹிணி கேட்டதற்கு, காதில் வலித்தால் காதில்தான் கோளாறு என்று இல்லை என்றார். கழுத்தை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

ஒரு விஷயம் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். போன வாரம் அவருடைய சட்டைகளைக் கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டைப் பையில் ஒரு டாக்டர் சீட்டு. இதயத்துக்குப் படம் எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறது. அவர் பஸ் ஸ்டாப்பில் விழுந்தாரே, அதற்கு மூன்று வாரத்துக்கு முந்தின தேதி. மூன்று வாரம் என் கையால் காபி வாங்கிக் குடித்திருக்கிறார். மார் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பத்தி நாலு வருஷம் கூட இருந்தவளிடம் மறைத்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லோரும் என்னிடம் வந்து, அவர் புண்ணியாத்மா, யாருக்கும் கஷ்டம் கொடுக்காமல் போனார் என்கிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன். உள்ளே வேறு மாதிரி இருக்கிறது. இப்படி மறைத்தவரை நான் எந்த ஜன்மத்திலும் மன்னிக்கப் போவதில்லை.

ரங்கநாதனுக்கு என் ஆசீர்வாதம். தொண்டைக்குச் சுக்கு போட்டுக் கொதிக்க வைத்துக் குடி.

ஜகது


தென்காசி
2 மே 2023

அன்புள்ள அக்கா,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. இங்கே அனைவரும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

நீ சொன்னது சரி. என் காது வலி உன்னைப் பார்த்து வந்தது, நீ திட்டினதும் போய்விட்டது.

ஆனால் உன் வலியை லேசாக விடாதே. உன் டாக்டர் காதை மட்டும்தான் பார்த்தாரா? மூக்கு வழியாக மெல்லிசாக ஒரு குழாய் விட்டுத் தொண்டைக்குள் பார்ப்பார்கள், அதைச் செய்தாரா? கொஞ்சம் குமட்டும், வலிக்காது. கழுத்துப் பக்கம் உருண்டையாக ஏதாவது கையில் தட்டுப்படுகிறதா? சாதம் இறங்கும்போது நிற்கிறதா? குரல் மாறியிருக்கிறதா? தொண்டைக்குப் போகிற நரம்புதான் காதுக்கும் போகிறதாம். காது நன்றாக இருந்து, ஒரு பக்கம் மட்டும் வாரக்கணக்கில் வலித்தால் இதையெல்லாம் பார்த்துவிட வேண்டும். ஒரு புத்தகத்தில் படித்தேன்.

எனக்காக இதைச் செய்துவிட்டு உடனே எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

விசாலம்


காளிகாட்
21 மே 2023

விச்சுக்குட்டி,

நீ பயமுறுத்தின பயமுறுத்தலில் மறுநாளே ரோஹிணியை வரச் சொன்னேன். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள், பாவம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். நீ சொன்ன மாதிரியே குமட்டிற்று, வலிக்கவில்லை. தொண்டை சுத்தமாக இருக்கிறது. கழுத்தில் கட்டி இல்லை. எலும்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இந்த வயசில் எல்லோருக்கும் இருக்கிறதுதான் என்றார்கள். போதுமா? இப்போது தூங்கு.

அந்த டாக்டரே பல் டாக்டரிடம் அனுப்பினார். டாலிகஞ்ச் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு பெண். சின்னப் பெண்தான். வாயைத் திறக்கச் சொன்னாள், இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. கடைவாய்ப் பல் எல்லாம் மொழுமொழுவென்று தேய்ந்து போயிருக்கிறதாம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன், பகலிலும் தாடையை இறுக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். காதுக்கு முன்னால் தாடை மாட்டியிருக்கிற இடம் வீங்கி, அந்த வலிதான் காதுக்கும் கழுத்துக்கும் தோளுக்கும் போகிறது என்றாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே, யார் மேலேயாவது கோபமா மாஷிமா என்று கேட்டாள். ரோஹிணி பக்கத்தில் இருந்தாள். நான் யார் மேலேயும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து கொடுத்திருக்கிறாள். வெந்நீர் ஒத்தடம், நாக்கை மேலண்ணத்தில் வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடுகிற பயிற்சி. வெற்றிலை, முறுக்கு கூடாது. முக்கால்வாசி குறைந்துவிட்டது.

எல்லாம் உன்னால்தான். ஆனால் அது என்ன புத்தகம்? நீ பஞ்சாங்கத்தைத் தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

ஜகது


காளிகாட்
2 ஜூலை 2023

விச்சு,

ஆறு வாரமாகிவிட்டது. உனக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், கேட்கவே பயமாக இருக்கிறது.

ராம்கியை விட்டு மூன்று தடவை போன் பண்ணச் சொன்னேன். மூன்று தடவையும் ரங்கநாதன்தான் எடுத்தார். மூன்று தடவையும் நீ கோவிலுக்குப் போயிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு எந்தக் கோவில் திறந்திருக்கிறது என்று அவரைக் கேட்டுச் சொல்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? இரண்டு வரி போதும்.

ஜகது


தென்காசி
11 ஜூலை 2023

பெரியம்மாவுக்கு அக்‌ஷயா வணக்கம். உங்கள் காது வலி குறைந்தது என்று அம்மா சொன்னாள். சந்தோஷம்.

போனில் உங்களிடம் எதையும் சொல்லமாட்டேன் என்று அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கடிதத்தைப் பற்றி அம்மா கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல் வரும் இடத்துக்குப் பக்கத்தில். ஏப்ரல் மாதம் மதுரையில் குழாய் விட்டுப் பார்த்துச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் ஏப்ரல் 28 வந்தது. பொங்கலிலிருந்தே தொண்டை கட்டியிருந்தது, காது வலித்தது. இங்கே ஒரு டாக்டர் சளி என்று மூன்று தடவை மாத்திரை மாற்றிக் கொடுத்தார். நாங்களும் சளி என்றே இருந்துவிட்டோம். இப்போது மதுரையில் ரூம் எடுத்து ரேடியேஷன் நடக்கிறது. ஏழு வாரம். சனி, ஞாயிறுக்கு வீட்டுக்கு வருகிறோம். அதனால்தான் அப்பா கோவில் கோவில் என்று உளறினார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது.

அம்மாவுக்குக் கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. ஒன்பது கிலோ குறைந்துவிட்டாள். உங்கள் கடிதம் வந்தால் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்கிறாள். உங்களுக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அதை என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள்.

நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னாலும் பரவாயில்லை.

அக்‌ஷயா


காளிகாட்
20 ஜூலை 2023

விச்சு,

உன் பெண் எழுதிவிட்டாள். அவளைத் திட்டினால் நான் உன்னோடு பேசமாட்டேன்.

நாலு நாளாக இந்தத் தாளை எடுத்து எடுத்து வைக்கிறேன். ஒரு தாளில் முழுக்க உன்னைத் திட்டி எழுதினேன். கிழித்துப் போட்டேன். உனக்குத் தொண்டையில் வந்து, டாக்டர் உனக்குச் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் எனக்கு எழுதி, என்னைக் காட்டிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறாய். உனக்கு வலிக்கிறது என்று நீ எழுதினபோது நான் குங்குமப் புள்ளிக் கதை சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் மறைத்தார் என்று மனசுக்குள் கத்தினேனே, நீ மறைக்கவில்லை விச்சு. நீ சொன்னாய். மார்ச் மாதமே சொன்னாய். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கே ராம்கியிடம் டிக்கெட் எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டான். அப்புறம் அவருடைய அண்ணா சீதாராமனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று போன் பண்ணினேன். அவர் கோபிக்கவில்லை. பொறுமையாகத்தான் கேட்டார். "வருஷம் திரும்பாதவள், உயிருக்குப் போராடுகிறவள் வீட்டு வாசற்படியை மிதிக்கலாமா ஜகதா? நீயே யோசித்துக்கொள்" என்றார்.

யோசித்தேன். நான் போய் நின்றால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வந்துவிட்டது. ராம்கி இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்கிறான். இருக்கலாம். ஆனால் ஜனவரியில் என் அதிர்ஷ்டத்தைப் பார்த்துவிட்டேன். அதைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வர எனக்குத் தைரியம் இல்லை. டிக்கெட்டை ரத்து பண்ணச் சொல்லிவிட்டேன்.

நீ ஒரு வார்த்தை வா என்று சொன்னால் வருகிறேன். சொல்லு.

மறுபடி தாடை இறுகிக்கொண்டுவிட்டது. அது கிடக்கட்டும்.

ஜகது


தென்காசி
27 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்கா,

ரேடியேஷன் முடிந்தது. கழுத்துத் தோல் கத்திரிக்காய் சுட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் நேற்று இரண்டு கரண்டி குழைந்த மோர் சாதம் இறங்கிற்று. நீ ஒழுங்காக உறை மாட்டிக்கொண்டு தூங்கு. உன் பல் உனக்கு இன்னும் இருபது வருஷம் வேண்டும்.

நான் உன்னிடம் மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் இங்கே டாக்டர் முதல் தடவையாக மதுரைக்குப் போங்கள் என்றார். என்ன ஏது என்று தெரிந்துகொண்டு எழுதலாம் என்று இருந்தேன். தெரிந்தபோது ஒரு மாதமாகிவிட்டது. மறைத்தவரை மன்னிக்கமாட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். அதற்குள் நானும் ஒரு மாதம் மறைத்தவளாகிவிட்டேன். அப்புறம் எப்படி ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அத்திம்பேருக்கும் இப்படித்தான் நாள் ஓடியிருக்கும் அக்கா. நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்திருப்பார். அவர்மேல் இருக்கிற கோபத்தைக் கொஞ்சம் விடு.

வா என்று சொல்லச் சொன்னாய். நீ வந்து பயந்து பயந்து வாசலில் நிற்பதை நான் பார்க்க வேண்டாம். மார்கழியில் வருஷம் திரும்பட்டும், அத்திம்பேர் வருஷாப்தீகத்தை நல்லபடியாக முடி. நிம்மதியாக வா. நான் எங்கே போகப் போகிறேன்.

விசாலம்


காளிகாட்
26 அக்டோபர் 2023

விச்சுக்குட்டி,

மோர் சாதம் இப்போது எத்தனை கரண்டி இறங்குகிறது? எடை ஏறிற்றா?

துர்கா பூஜை முடிந்தது. பத்து நாளாகத் தெருவில் கால் வைக்க இடம் இல்லை. நான் படி இறங்கவில்லை. இந்த வருஷம் எங்களுக்குக் கிடையாது என்று பௌதிக்குத் தெரியும். விஜயதசமி அன்றைக்கு எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் ஸ்வீட் எடுத்துக்கொண்டு போவார்கள். அவள் வெறும் கையோடு வந்து என் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். எனக்குத் தெரிந்த பெங்காலியில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு. அவள் கேட்டாள், "தீதி, நீங்க இன்னும் இங்கே என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?"

அவர்களுக்கு நம் வழக்கம் தெரியாது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ரோஹிணியும் அதையேதான் கேட்டாள். அவளுக்கு நம் வழக்கம் தெரியும்.

நீதான் மார்கழி என்று சொல்லியிருக்கிறாய். நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். டிசம்பர் 29 வருஷாப்தீகம். 31க்கு டிக்கெட் எடுத்தாச்சு. இரண்டு மாதம் வந்து இருப்பேன். காது வலி சுத்தமாகப் போய்விட்டது. அதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜகது


மதுரை
9 நவம்பர் 2023

அக்கா,

எடை ஏறவில்லை. திரும்பவும் ஸ்கேன் எடுத்தார்கள். ரேடியேஷனில் முழுசாகப் போகவில்லை. 20ஆம் தேதி ஆபரேஷன். குரல் வருகிற பெட்டியையே எடுத்துவிடுவார்கள். கழுத்தில் ஓட்டை வைத்து அதன் வழியாக மூச்சு விடுகிறது. பேச்சு இருக்காது. பிறகு ஏதோ கருவி வைக்கலாம் என்கிறார்கள், பார்க்கலாம்.

உன் காது சரியாகிவிட்டதே. பேச்சு இருக்கும்போதே ஒரு தடவை போன் பண்ணட்டுமா? ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பண்ணுகிறேன். பௌதி கேட்டால் கேட்கட்டும். அழக் கூடாது.

விசாலம்


காளிகாட்
7 ஜனவரி 2024

விச்சுக்குட்டி,

நான் இருக்கிறேன். ராம்கியும் ரோஹிணியும் சௌக்கியம். உன்னை இனிமேல் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை.

அவருடைய வருஷாப்தீகம் 29ஆம் தேதி நடந்தது. சீதாராமன் அண்ணா வந்திருந்தார். ஜூலையில் அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவைக்கவில்லை. போகாதே என்றுகூடச் சொல்லவில்லை. யோசித்துக்கொள் என்றுதான் சொன்னார். யோசித்தது நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பதினேழு நிமிஷம் பேசினோம் என்று ராம்கி பார்த்துச் சொன்னான். உன் குரல் அட்டையைக் கிழிக்கிற மாதிரி இருந்தது. என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். கல்கத்தாவில் நல்ல தேங்காய் கிடைக்கிறதா என்று கேட்டாய். அக்‌ஷயாவின் தலைமுடி கொட்டுகிறது என்றாய். கடைசியில் நான், வரட்டுமா விச்சு என்றேன். மார்கழி முடியட்டும் என்றாய். உடனே சரி என்றேன். கொஞ்சம் நின்று சரி என்றிருக்கலாம். அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றார்கள். எட்டாவது நாள் உள்ளே தையல் விட்டு, சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டுவிட்டது. ரங்கநாதன் போன் பண்ணினதும் அன்றைக்கே விமானத்தில் கிளம்பினேன். வருஷமாவது படியாவது, ஒன்றும் நினைவில்லை. அவ்வளவு சுலபமாகக் கிளம்ப முடிந்தது. நான் வந்தபோது நீ மெஷினில் இருந்தாய், கண்ணைத் திறக்கவில்லை. உன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, நான் ஜகது வந்திருக்கிறேன் என்று சொன்னேன். வலது காதில்தான் சொன்னேன். மறுநாள் மத்தியானம் போய்விட்டாய்.

பேச்சு நின்ற பிறகு எட்டு நாள் நீ ஒரு நோட்டில் எழுதிக் காட்டினாயாமே. அக்‌ஷயா அதை என்னிடம் கொடுத்தாள். நாற்பது பக்க நோட்டு, இருபத்தாறு பக்கம் எழுதியிருக்கிறாய். இங்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படித்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. எல்லாம் பதிலாகவே இருக்கிறது. அவர்கள் வாயால் கேட்டிருக்கிறார்கள், நீ எழுதியிருக்கிறாய். "இடது பக்கம்." "அவர் சாப்பிட்டாச்சா?" "பச்சைப் புடவை, இரண்டாவது தட்டு." "எரிகிறது, வலி இல்லை." "அக்காவிடம் ஆபரேஷன் நன்றாக ஆச்சு என்று மட்டும் சொல்லு."

அக்‌ஷயாவோடு போனில் உட்கார்ந்து ஒவ்வொரு பதிலுக்கும் என்ன கேட்டார்கள் என்று கேட்டுக் கேட்டு, பென்சிலால் மேலே எழுதிக்கொண்டு வருகிறேன். தினம் இரண்டு பக்கம். அவளும் அழுகிறாள், அழுதுகொண்டே சொல்கிறாள். அவளுக்குத் தெரியாததை ரங்கநாதன் சொல்கிறார். ஆறாம் கேள்விக்கு இந்தப் பதில் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ பார்த்தால் என் ழகரத்தைக் கேலி பண்ணுவாய்.

எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிப் பக்கம் மட்டும் நிற்கிறது. காய்ச்சல் வந்த அன்று காலையில் எழுதினது. பக்கம் முழுக்கக் காலி, நடுவில் ஒரே ஒரு வார்த்தை, "வேண்டாம்." இரண்டு தடவை கோடு போட்டிருக்கிறாய். அந்த நேரத்தில் அக்‌ஷயா குளிக்கப் போயிருந்தாளாம். ரங்கநாதன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். பக்கத்தில் இருந்த நர்ஸைப் போனில் பிடித்துக் கேட்கச் சொன்னேன். ஒரு நாளைக்கு நூறு கேட்போம் அம்மா, எதை ஞாபகம் வைத்துக்கொள்வது என்றாளாம். அவள் சொல்வதும் சரிதான்.

போர்வை வேண்டுமா என்று கேட்டிருக்கலாம். மின்விசிறியைக் கூட்டட்டுமா என்று கேட்டிருக்கலாம். தலையணையை உயர்த்தட்டுமா என்றும் இருக்கலாம். ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்து அழித்துவிட்டேன். தாள் மெலிந்துபோய்விட்டது, இனிமேல் அழித்தால் கிழிந்துவிடும். ஒரு கேள்வியை மட்டும் இன்னும் எழுதிப் பார்க்கவில்லை.

உன் அக்காவை வரச் சொல்லட்டுமா என்று கேட்டார்களா, விச்சு?